மாமியாரின் இடது கொம்பு

பிற்பகல் மூன்று மணியானால் மாமியார் கறவை மேடையில் ஏறிவிடுவாள். சினையாக இருக்கிறாள், பால் நிறுத்தி இரண்டு வாரம் ஆகிறது, மேடைப் பக்கம் அவளுக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் ஏறுவாள். கழுத்துச் சட்டத்துக்குள் தானாகவே தலையைக் கொடுத்துவிட்டு, முன்னால் இருக்கிற தட்டில் ஒரு கை தீவனம் விழுகிற வரைக்கும் முன்னங்காலால் பலகையைத் தட்டிக்கொண்டே நிற்பாள். மாமியார் என்பது ஒரு வெள்ளாடு. அந்தப் பண்ணையில் நாற்பது ஆடுகள் இருந்தன, அதிகாரம் மட்டும் அவள் ஒருத்தியிடம் இருந்தது. அதனால்தான் அந்தப் பெயர்.

பெயர் வைத்தவர் ஆடுகளைப் பார்த்துக்கொள்கிற அரைத்தூக்கம். அவருக்கு அந்தப் பெயரை வைத்தது யார் என்று கேட்டால் ஊரே கையைத் தூக்கும். பிறந்ததிலிருந்தே இமை பாதிக்கு மேல் ஏறாத கண் அவருக்கு. பிரசவம் பார்த்த நர்ஸ், பிள்ளை கண்ணைத் திறக்கட்டும் என்று ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டு, அப்புறம்தான் இது திறந்த கண் என்று கண்டுபிடித்தாளாம். இந்தக் கதையை அடுத்தவர் சொல்வதற்கு முன்னால் அவரே சொல்லிச் சிரித்துவிடுவார். கண் மட்டும் அப்படி என்றால் பரவாயில்லை, மனுஷனும் அப்படித்தான். வாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் போவார், வழியில் கூரைத் தகரத்தின் ஓட்டை வழியாகத் தரையில் விழுகிற வெயில் வட்டம் ஒன்றைப் பார்ப்பார், அவ்வளவுதான், வாளியும் அவரும் அங்கேயே நின்றுவிடுவார்கள். ஐம்பத்திரண்டு வயதில் முப்பது வருஷம் இப்படி ஆடுகளோடு போயிருந்தது. ஆடுகளும் மென்றுகொண்டே எங்கேயோ பார்க்கிற ஜாதிதானே. யாரும் யாரையும் அவசரப்படுத்தவில்லை.

மாமியார் தட்டில் முகத்தைக் கவிழ்த்ததும், அவர் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவளுடைய இடது பக்கம் உட்காருவார். சட்டைப்பையிலிருந்து சின்ன அரம் ஒன்றை எடுப்பார். எடுத்த உடனே ராவ மாட்டார். முதலில் கண்ணை மூடி, மூடிய இமையைக் கொண்டுபோய் அவளுடைய இடது கொம்பின் மேல் வைப்பார். முப்பது வருஷம் பால் கறந்து கறந்து விரல் நுனி காய்த்துப்போய்விட்டது, அதற்குச் சூடு தெரியாது. இமைக்குத் தெரியும். கொம்பின் அடியில் வெதுவெதுப்பாக இருக்கும், அங்கே உள்ளே ரத்தம் ஓடுகிறது. நுனியை நோக்கிப் போகப் போகச் சூடு குறைந்து, ஓரிடத்தில் சில்லென்று ஆகிவிடும். அதற்கு அப்பால் இருப்பது நகம் மாதிரி, ராவினால் ஆட்டுக்கு வலிக்காது. அந்த எல்லையில் ரோஸ் நிற சாக்கால் ஒரு கோடு போடுவார். சாக், மனைவியின் தையல் மெஷின் டிராயரிலிருந்து சொல்லாமல் எடுத்து வந்தது. கோட்டுக்கு மேலே அரத்தால் பத்து இழுப்பு. ஒரு நாளைக்கு அவ்வளவுதான். தள்ளி நின்று பார்ப்பவர்களுக்கு ஒரு மனுஷன் ஆட்டின் தலையில் தலைவைத்துத் தூங்குவது போலத்தான் இருக்கும். பால் வண்டிக்குப் புதிதாக வந்த டிரைவர் ஒருமுறை, ஆள் விழப்போகிறார் என்று பதறிப்போய் ஓடிவந்து தோளைப் பிடித்தார். மாமியார் அவரை விட்ட உதையில் மனிதர் அதற்கப்புறம் கொட்டகைக்குள் வந்ததே இல்லை.

அது முழுக் கொம்பு அல்ல, அரைக்கொம்பு. அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பால் பண்ணையில் ஆட்டுக்குக் கொம்பு ஆகாது. ஒன்றையொன்று குத்தும், மடியைக் கிழிக்கும், வேலிக் கம்பியில் தலையை மாட்டிக்கொண்டு கத்தும். அதனால் குட்டி பிறந்த முதல் வாரத்திலேயே, கொம்பு வரப்போகிற இடத்தில் இருக்கும் இரண்டு மொட்டுகளையும் சூடான இரும்பால் தீய்த்துவிடுவார்கள். இரும்பின் முனை குழாய் மாதிரி, மொட்டைச் சுற்றிக் கச்சிதமாக உட்காரும். சரியாகத் தீய்ந்தால் செம்பு நிறத்தில் ஒரு வளையம் முழுசாகத் தெரியும், அதோடு கதை முடிந்தது. வளையத்தில் கொஞ்சம் விட்டுப்போனால் போச்சு. விட்ட இடத்திலிருந்து, மாதங்கள் கழித்து, ஏதோ ஒன்று முளைக்கும். கொம்பு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. சிலதுக்குத் தளர்ந்த பல் மாதிரி ஆடும், சிலதுக்குக் கோணிக்கொண்டு போய்க் கன்னத்தையோ கண்ணையோ தொடப் பார்க்கும். முட்டிக்கொண்டால் ஒடிந்து முகமெல்லாம் ரத்தமாகும், ஒடிந்த பிறகு முன்பைவிடக் கோணலாக வளரும்.

பண்ணையில் பதினேழு ஆடுகளுக்கு அரைக்கொம்பு இருந்தது. பதினேழும் அரைத்தூக்கத்தின் கையால் சூடு பட்டவை. அரைத்தூக்கம் சுட்டால் வேறு எப்படி இருக்கும் என்று கறவைக்காரர்கள் கேலி பேசுவார்கள். அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். இரும்பைப் பிடித்தபடி கனவு காணப் போய்விட்டார், அதனால் வந்த வினை என்று எல்லாரும் நினைத்தார்கள். நினைத்துக்கொள்ளட்டும் என்று அவரும் விட்டுவிட்டார். உண்மை நேர்மாறானது. வருஷம் முழுக்க அந்த மனுஷன் ஒழுங்காக விழித்திருப்பது இரும்பைப் பிடிக்கிற அந்தச் சில நொடிகளில்தான். விழித்திருந்து, நன்றாகத் தெரிந்தே, இரண்டு எண்ணிக்கை முன்னதாகக் கையை எடுத்துவிடுவார். அந்த இரும்புக்கு எட்டு எண்ண வேண்டும் என்பது கால்நடை டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தது. அவர் ஆறில் எடுத்துவிடுவார்.

ஏன் என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். இருபத்தாறு வருஷத்துக்கு முன், வேறொரு பண்ணையில், அவர் முதன்முதலாக இரும்பைப் பிடித்த நாள். மரத்துப்போகிற ஊசியெல்லாம் அங்கே அப்போது கிடையாது. இரும்பைக் கரி அடுப்பில் காய்ச்சினார்கள். பழுப்பு நிறக் குட்டி, ஒரு காது மட்டும் வெள்ளை. அவர் வைத்து எண்ண ஆரம்பித்தார். புகை மெதுவாக எழுந்து ஜன்னல் வெயிலுக்குள் போயிற்று. வெயிலுக்குள் வைக்கோல் தூசி மிதந்துகொண்டிருந்தது, ஒவ்வொரு துகளும் தனித்தனியாக, அவசரமே இல்லாமல். அவர் அதைப் பார்த்தார். யாரோ கத்தின பிறகுதான் கையில் இரும்பு இருப்பது நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலை அந்தக் குட்டி சுற்ற ஆரம்பித்தது. இடது பக்கமாக, கண்ணுக்குத் தெரியாத ஒரு முளையில் கட்டிவிட்ட மாதிரி, சுற்றிச் சுற்றி நடந்தது. தாயிடம் போகவில்லை, பாலுக்கு நிற்கவில்லை. குட்டியின் மண்டையோடு எவ்வளவு மெல்லிசு என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. சூடு அதைத் தாண்டி மூளைக்குப் போயிருந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் அது படுத்துக்கொண்டது, பிறகு எழுந்திருக்கவில்லை. பிறவியிலேயே ஏதோ கோளாறாக இருக்கும் என்று அந்தப் பண்ணைக்காரர் சொன்னார். இவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு உடம்பு கூசும். அடுத்த வருஷம் கல்யாணமாகி வந்த மனைவியிடம்கூட அதை அவர் சொன்னதில்லை.

ஆனால் அந்தக் குட்டி எங்கும் போய்விடவில்லை. பிற்பகல் கொட்டகையில் ஆடுகளெல்லாம் படுத்து அசைபோடும்போது, தகர ஓட்டை வழியாக விழும் வெயில் வட்டத்தின் ஓரத்தில் அது நடந்துகொண்டிருக்கும். நேராகப் பார்த்தால் இருக்காது. அரைக் கண்ணால் பார்த்தால் இருக்கும். அவருக்கு எப்போதுமே அரைக் கண்தானே. பயமெல்லாம் இல்லை, வெட்கமாக இருக்கும். பழுப்பு முதுகு, வெள்ளைக் காது, இடது பக்கமாக ஒரு சுற்று, இன்னொரு சுற்று. வாளியைப் பிடித்தபடி அவர் நிற்கிற நேரங்களில் பாதி, அதைப் பார்த்துக்கொண்டு நின்றதுதான்.

போன மழைக்காலத்தில் மாமியார், தீவனத் தொட்டியில் தனக்கு முன்னால் தலையை நீட்டிய ஓர் இளசுக்குப் பாடம் புகட்டப் போய், தொட்டியின் கம்பியில் முட்டி இடது அரைக்கொம்பின் நுனியை ஒடித்துக்கொண்டாள். ரத்தம் நிற்கவே அரை மணி நேரம் ஆயிற்று. ஒரு வாளிப் பாலைக் கீழே கொட்ட வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு வளர்ந்தது கொக்கி மாதிரி உள்பக்கம் வளைந்து வளர்ந்தது. அவர் நாள் தவறாமல் பத்து இழுப்பு ராவினார், அது நாள் தவறாமல் வளர்ந்தது. வளைவுக்குக் கிட்டே போய் ராவ அவருக்குக் கை வரவில்லை, எங்கே ரத்தத்தைத் தொட்டுவிடுவோமோ என்று. கொம்பின் நுனிக்கும் மாமியாரின் கண்ணுக்கும் நடுவில் ஒரு விரல் அகலம் இருந்தது. பிறகு அரை விரல். ஒரு திங்கட்கிழமை காலையில் அவளுடைய இடது கண்ணிலிருந்து மூக்கு வரைக்கும் ஈரக்கோடு ஒன்று இறங்கியிருந்ததை முதலாளியம்மா பார்த்துவிட்டாள்.

முதலாளியம்மா கெட்டவள் இல்லை. வேகமானவள், அவ்வளவுதான். அவளுக்கு எந்தத் தொல்லையும் ஒரே நாளில் தீர்ந்துபோக வேண்டும். மாட்டுக் கொம்பு அறுக்கிற ஆள் ஒருவர் வெள்ளிக்கிழமை வருகிறார், அடியோடு ஒரே அறுப்பாக அறுத்துவிடுவார், பிறகு அரமும் வேண்டாம் ராவலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பால் அறைக்குப் போய்விட்டாள்.

அரைத்தூக்கம் கொம்பின் அடியை விரல்களால் சுற்றிப் பிடித்துப் பார்த்தார். அரைக்கொம்பின் அடி தடிமனாக இருந்தது. அடியில் கொம்புக்குள் இருக்கிற பொந்து நேரே தலைக்குள் திறக்கும். அடியோடு அறுத்தால் மண்டையில் ஓட்டை விழும். அதற்குள் தூசி போகும், ஈ போகும், சீழ் வைக்கும். மரத்துப்போக ஊசி போடாமல், வயிற்றில் குட்டியோடு நிற்கிற ஆட்டுக்கு இதைச் செய்வதா? அவர் பால் அறை வாசல் வரைக்கும் போனார். முப்பது வருஷத்தில் முதலாளி என்று இருந்த யாரிடமும் அவர் வேண்டாம் என்று சொன்னதில்லை.

"அடியோட வேண்டாம்மா. நுனியை நான் எடுத்துடறேன். வியாழக்கிழமைக்குள்ள எடுத்துடறேன்."

"நீங்களா?" என்றாள் முதலாளியம்மா. அந்த ஒரு வார்த்தையே அவருக்குச் சுருக்கென்றது. வியாழன் வரைக்கும் பார்க்கலாம், இல்லையென்றால் வெள்ளிக்கிழமை ஆள் வருவார் என்பது முடிவாயிற்று.

புதன்கிழமை டாக்டரம்மா வந்தாள். சின்ன வயசுக்காரி, அவளுடைய ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே ஊசி நினைவு வந்து ஆடுகள் மூலையில் ஒதுங்கும். மாமியாரின் கொம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண்ணில் இன்னும் காயம் இல்லை, உரசல்தான், ஆனால் இப்படியே அதிக நாள் விட முடியாது என்றாள். அடியோடு எடுப்பது பெரிய ஆபரேஷன், மயக்கம் கொடுத்து, வாரக்கணக்கில் கட்டுப்போட்டு, வைத்தியர்தான் செய்ய வேண்டும். சினையாக இருக்கும்போது அந்தப் பேச்சே கூடாது. செத்துப்போன நுனியை மட்டும் கம்பி ரம்பத்தால் எடுத்துவிடலாம். குளிர்காலம், ஈ இல்லை, நல்ல சமயம். சூடு தெரிகிற இடத்துக்கு முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும். டெட்டனஸ் ஊசி போட்டாள். ரத்தத்தை நிறுத்துகிற பொடி ஒரு டப்பா கொடுத்தாள். தானே அறுத்துவிடட்டுமா என்று கேட்டவள், அவர் கண்ணை மூடிக் கொம்பில் இமையை வைத்துக் கோடு போட்டதைப் பார்த்ததும், தன் விரலால் அந்த இடத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, கோடு சரியாக இருக்கிறது, நீங்களே செய்யுங்கள் என்று சொல்லிவிட்டாள்.

"ஆனா ஐயா, இது ஒரே நாள்ல முடியற வேலை இல்ல. இவ இருக்கற வரைக்கும் மாசாமாசம் நீங்க பாத்துக்கிட்டே இருக்கணும்."

கிளம்பும்போது ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொன்றும் கேட்டாள். எல்லாக் குட்டிக்கும் வளையம் அரைகுறையாகவே விழுகிறதே, இரும்பு பிடிக்கும்போது கை நடுங்குகிறதா? ஆமாம், நடுங்குகிறது என்று அவர் சொன்னார். பொய் சொல்லும்போது அவர் இமை இன்னும் கொஞ்சம் இறங்கும். டாக்டரம்மாவுக்கு அது தெரியாது.

மனைவிக்குத் தெரியும். அவர் மனைவி தையல்காரி. தெருவைப் பார்த்த முன்னறையில் ஜன்னலோரம் மெஷின், நாள் முழுக்க வாயில் நாலு குண்டூசி. வாய் திறக்க முடியாததால் ரொம்பச் சாது என்று தெருவில் அவளுக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. ஊசியை எடுத்தால் தெரியும் சேதி. வேலை செய்யும்போது எதையாவது எண்ணிக்கொண்டே இருப்பாள். மடிப்பு, பட்டன், தையல், மாடிப்படி. மாமியாரைக் குட்டியில் வளர்த்ததே அவள்தான். நோஞ்சானாகப் பிறந்ததை அவர் ஒரு துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். இரண்டு மாதம் அது தையல் மெஷினுக்கு அடியில், துணிக் கத்தரிப்புகளின் மேல், மிதிகட்டை ஏறி இறங்குகிற சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத் தூங்கியே வளர்ந்தது. இன்றைக்கும் அவள் கொட்டகைக்கு வந்து அந்தத் தாளத்தில் காலைத் தட்டினால் மாமியாருக்குக் கண் சொருகிவிடும். வேறு யாருக்கும் அடங்காதவள், அந்தச் சத்தத்துக்கு அடங்குவாள். ஆட்டுக்கு மாமியார் என்று பெயர் வைத்தபோது மட்டும், எங்கம்மா உங்களை என்ன செய்தார்கள் என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தாள்.

வியாழக்கிழமை பிற்பகல் அவள் மெஷினை மூடிவைத்துவிட்டு வந்தாள். மாமியாரின் முகத்தைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, கால் பெருவிரலால் பலகையில் தட்டத் தொடங்கினாள். கொட்டகை மெல்ல மெல்ல அடங்கியது. மாமியாரின் தாடை அசைவது நின்றது. அரைத்தூக்கம் இமையைக் கொம்பில் வைத்தார். இமைக்குள் இருட்டு சிவப்பாக இருந்தது. வெதுவெதுப்பு, வெதுவெதுப்பு, பிறகு சில். கோடு போட்டார். கோட்டிலிருந்து ஒரு நெல்லளவு நுனிப் பக்கம் தள்ளிக் கம்பியை வைத்தார். இரண்டு கையாலும் இழுத்தார்.

மனைவி வழக்கப்படி எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. கொம்புத் தூள் மாவு மாதிரி உதிர்ந்தது. நான்கு, ஐந்து, ஆறு. அவர் கை நின்றுவிட்டது. ரத்தமா என்று அவள் எட்டிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. மறுபடியும் தொடங்கினார். மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணினாள். ஆறு வந்ததும் நின்றுவிட்டது. மூன்றாவது தடவையும் அதே.

"ஏங்க, ஏன் ஆறு வந்தா கை நிக்குது?"

கொட்டகையின் அந்தக் கோடியில், வெயில் வட்டத்தின் ஓரத்தில், பழுப்புக் குட்டி சுற்றிக்கொண்டிருந்தது. இருபத்தாறு வருஷமாகச் சொல்லாததை, ஆட்டின் தலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, அந்தப் பக்கம் நிற்கிறவளிடம் அவர் சொன்னார். கரி அடுப்பு, தூசி, வெள்ளைக் காது, மூன்று நாள், தலையாட்டல் என்று எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது கம்பி ரம்பத்தின் கைப்பிடியை விடவில்லை.

"அன்னைக்கு நான் எத்தனை எண்ணினேன்னு எனக்கே தெரியாது. எண்ணிக்கிட்டுதான் இருந்தேன். நடுவுல எங்கயோ போயிட்டேன். திரும்பி வந்தப்ப கை அங்கயே இருந்துச்சு."

அவள் கால் தட்டிக்கொண்டே இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷம் இதைத் தன்னிடம் மறைத்திருக்கிறாரே என்று கோபம் வந்தது. பக்கத்தில் படுத்துக்கொண்டு இதைத் தனியாகவே சுமந்திருக்கிறாரே என்று அழுகையும் வந்தது. இரண்டில் எது முதலில் என்று அவளுக்கே புரியவில்லை.

"நீ என்ன நினைப்பியோன்னுதான்," என்றார் அவர்.

"நினைக்கறத நான் அப்புறமா நினைச்சுக்கறேன். இப்ப ரம்பத்த இழுங்க. ஏழுலேர்ந்து எண்ணறேன்."

ஏழிலிருந்து எண்ணினாள். இருபத்து மூன்றில் கொக்கி துண்டாகி வைக்கோலில் விழுந்தது. வெட்டின இடத்தில் குண்டூசித் தலையளவுக்கு ஒரே ஒரு சிவப்புப் புள்ளி. பொடியை வைத்து அழுத்தினார், அதுவும் நின்றது. ஓரங்களை அரத்தால் மழமழவென்று ராவிவிட்டார். மாமியார் கண்ணைத் திறந்து, தலையைச் சட்டத்திலிருந்து எடுத்து, இடது பக்கம் திரும்பினாள். ரொம்ப நாளாக அந்தப் பக்கத்தில் ஒரு கறுப்பு முள் குறுக்கே நின்றிருந்தது, இப்போது இல்லை. சுவரையும் கதவையும் தண்ணீர்த் தொட்டியையும் அவள் நிதானமாக ஒருமுறை பார்த்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை ஆள் வர வேண்டாம் என்று முதலாளியம்மா சொல்லி அனுப்பினாள். மாசாமாசம் என்பது அவளுக்குப் பிடிக்கவில்லை, ஆனால் ஈரக்கோடு காய்ந்திருந்த ஆட்டின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டாள்.

ஐந்து வாரம் கழித்து மாமியார் ஒரே ஒரு பெண் குட்டி போட்டாள். வெள்ளை, நெற்றியில் ஒரு புகைக் கோடு. முதலாளியம்மா சிரிக்காமல், இதற்கு நாத்தனார் என்று பெயர் வையுங்கள் என்று சொன்னாள். ஐந்தாம் நாள் டாக்டரம்மா ஊசிப் பெட்டியோடு வந்தாள். மொட்டு இரண்டும் தோலுக்கு அடியில் பட்டாணி மாதிரி தட்டுப்பட்டன. இரும்பு மேஜையில் சூடாகிக்கொண்டிருந்தது. வேறு யாரையாவது பிடிக்கச் சொல்லுங்கள் என்று அரைத்தூக்கம் சொன்னார். வேண்டுமானால் தான் பிடிப்பதாக டாக்டரம்மா சொல்லத் தொடங்கும்போதே, சட்டைக் காலரில் குண்டூசிகளோடு தையல்காரி உள்ளே வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. குட்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நீங்க இரும்பப் பிடிங்க. நான் எண்ணறேன்."

"நான் நடுவுல எங்கயாவது போயிட்டா?"

"நான் கூப்பிடறேன்," என்றாள் அவள்.

டாக்டரம்மா மரத்துப்போகிற ஊசியை அளந்து அளந்து போட்டாள், ஆட்டுக் குட்டிக்கு அது கொஞ்சம் கூடினாலும் ஆகாது. சிறிது நேரம் காத்திருந்து, மொட்டைக் கிள்ளிப் பார்த்தாள். குட்டி அசையவில்லை. முதலில் வலது பக்கம். அவர் இரும்பை வைத்தார். ஒன்று, இரண்டு என்று மனைவியின் குரல் வந்தது. முடி கருகுகிற வாசனை, புகை. புகை எழுந்து வெயிலுக்குள் போயிற்று. அவர் அதைப் பார்க்கவில்லை, குரலைக் கேட்டார். எட்டில் எடுத்தார். பிறகு இடது பக்கம். ஒன்று, இரண்டு, மூன்று. எண்ணிக்கையின் நடுவில் எங்கோ குட்டி கத்தியது, பிடித்துவைத்திருந்தால் எந்தக் குட்டியும் கத்தும். கொட்டகை முழுக்க நீருக்கடியில் இருப்பது போல மங்கலாயிற்று. ஐந்து. ஓரத்தில் பழுப்புக் குட்டி சுற்றியது. ஆறு. கை எழப் பார்த்தது. ஏழு என்று குரல் கேட்டது, கை அங்கேயே இருந்தது. எட்டு. எடுத்தார்.

டாக்டரம்மா குனிந்து பார்த்தாள். இரண்டு பக்கமும் செம்பு வளையம், எங்கும் விட்டுப்போகாமல் முழுசாக. ஈரத் துணியை அதன் மேல் வைத்து, நன்றாக வந்திருக்கிறது ஐயா, மூன்று நாள் கவனியுங்கள் என்றாள்.

கவனியுங்கள் என்று அவருக்குச் சொல்லவா வேண்டும். மூன்று நாளும் குட்டிப் பட்டியின் வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கண் எவ்வளவு திறக்குமோ அவ்வளவு திறந்துவைத்திருந்தார். அரைத்தூக்கம் முழித்துக்கொண்டிருக்கிறார் என்று கறவைக்காரர்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டு வந்து காட்டினார்கள். முதல் நாள் குட்டி தூங்கியது, குடித்தது. இரண்டாம் நாள் துள்ளியது. மூன்றாம் நாள் பிற்பகல், தண்ணீர் மாற்ற வாளியோடு எழுந்து போனவர் திரும்பி வந்து பட்டிக்குள் பார்த்தார். கதவுக்கு நேரே மேற்கு வெயில், கண் கூசியது. தரையில் ஒரு குட்டியின் நிழல் சுற்றிக்கொண்டிருந்தது. இடது பக்கமாக, ஒரு சுற்று, இன்னொரு சுற்று.

வாளி கையிலிருந்து நழுவியது. தண்ணீர் காலை நனைத்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

"என்னங்க, வந்து இந்தப் பாட்டிலப் பிடிங்க," என்று வெயிலுக்குள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது. "பின்னாடியே சுத்துது. எனக்குத் தலை கிறுகிறுங்குது."

கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். வட்டத்தின் நடுவில் அவள் நின்றுகொண்டிருந்தாள், பால் பாட்டிலை முதுகுக்குப் பின்னால் ஒளித்தபடி. அவள் திரும்பத் திரும்ப, குட்டி பாட்டிலைத் தேடி அவளைச் சுற்றியது. அவள் நின்றாள், குட்டியும் நின்றது. அவர் ஈரத் தரையிலேயே உட்கார்ந்து அழுதார். சத்தம் போட்டே அழுதார். அவள் தடுக்கவில்லை. குட்டி ஒரு நொடி யோசித்துவிட்டு, நேராக, ஒரு கோடு போட்ட மாதிரி நேராக நடந்து வந்து, மொட்டை நெற்றியால் அவருடைய முழங்காலில் ஒரு முட்டு முட்டியது. வெயில் வட்டத்தின் ஓரத்தை அவர் அரைக் கண்ணால் பார்த்தார். அங்கே வைக்கோல் மட்டும் கிடந்தது.

"நீ எண்ணலேன்னா நான் மறுபடியும் ஆறுலயே எடுத்திருப்பேன்," என்றார் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

அவள் பாட்டிலைக் குட்டியின் வாயில் கொடுத்தாள். அது உறிஞ்சுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

"இடது பக்கம் நான் ஆறு வரைக்கும்தாங்க எண்ணினேன். அது கண்ணத் திறந்து என்னப் பாத்து கத்துச்சு. அதுக்கு மேல எனக்குக் குரலே வரல."

"ஏழுன்னு கேட்டேனே. எட்டும் கேட்டேன்."

"கேட்டீங்க. நீங்கதான் சொன்னீங்க."

கொட்டகையின் அந்தக் கோடியில் பலகையை யாரோ தட்டுகிற சத்தம் கேட்டது. மணி மூன்றாகியிருந்தது. மாமியார் மேடையில் ஏறி நின்றிருந்தாள், இப்போது அவளுக்கு அங்கே வேலையும் இருந்தது. அவர் சட்டைப்பையில் அரம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு எழுந்து போனார்.